உறைந்தால் அசல், உறையாவிட்டால் கலப்படமா?

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் எண்ணெய் வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்களுக்கு ஆண்டுதோறும் இரண்டு விதமான புகார்கள் வருவது வழக்கம். சாரல் பிடித்த ஆனி, ஆடி நாட்களிலும், பிறகு மார்கழி, தைப் பனியிலும் ஒரு வாடிக்கையாளர் பாட்டிலைத் தூக்கிக் கொண்டு வருவார். "உங்கள் தேங்காய் எண்ணெய் கட்டிப் போய்விட்டது, டால்டாவோ மெழுகோ கலந்திருக்கிறது" என்பார். அவர் போன சுருக்கில் இன்னொருவர் வருவார். "பக்கத்து வீட்டில் வாங்கிய எண்ணெய் உறைந்துவிட்டது, உங்களிடம் வாங்கியது உறையவில்லை, ஆகவே இதுதான் கலப்படம்" என்பார். ஒரே நாளில், ஒரே பெட்டியில் வந்த சரக்குக்கே இந்த இரண்டு பேச்சையும் கேட்க நேரிடும்.

பதில் தெரியாத கடைக்காரர் பாட்டிலை மாற்றிக் கொடுத்துவிட்டு நட்டத்தை ஏற்றுக் கொள்கிறார், அல்லது கோபப்பட்டு வாடிக்கையாளரை இழக்கிறார். இரண்டுமே தேவையில்லாதவை. வீட்டிலுள்ள பிரிட்ஜ், நாலைந்து கண்ணாடிக் குப்பிகள், கடைத் தராசு, நூறு ரூபாய் அளவில் கிடைக்கும் ஒரு வெப்பமானி இவை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்திலேயே விஷயத்தைக் கண்ணால் பார்த்துத் தெரிந்து கொள்ளலாம். பிள்ளைகளையும் கூட வைத்துக் கொண்டு செய்யலாம். அவர்கள் பள்ளியில் படிக்கும் பாடம்தான் இது. ஒன்று மட்டும்: வெப்பமானி என்றதும் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்துவிடக் கூடாது. அது 35 டிகிரிக்குக் கீழே எதையும் காட்டாது. பள்ளி ஆய்வுக் கூடத்தில் இருக்கும் 0 முதல் 110 டிகிரி வரை காட்டும் கம்பிதான் வேண்டும்.

இந்த ஆராய்ச்சிக்கு இப்போது அவசரம் வந்திருப்பதற்கும் காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டின் நடுவில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிப் போயிற்று. கொப்பரை விலை ஏறும்போதெல்லாம் கலப்படக்காரனுக்கும் கொண்டாட்டம்தான். பாமாயிலுக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் விலை வித்தியாசம் கூடக் கூட அவன் லாபமும் கூடும். குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவர்கள் சீசனில் டின் டின்னாக வாங்குகிறார்கள். அவர்களுக்குச் சரக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரிகள் தாம் என்ன வாங்கி என்ன விற்கிறோம் என்று அறிந்திருப்பது நல்லது.

முதல் சோதனை

வாயகன்ற சிறு கண்ணாடிக் குப்பிகள் ஐந்து எடுத்துக் கொள்வோம். நன்கு கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, ஒன்றில் நமக்கு நம்பிக்கையான செக்கில் கண் முன்னே ஆட்டி வாங்கிய தேங்காய் எண்ணெய், இரண்டாவதில் கடலை எண்ணெய், மூன்றாவதில் நல்லெண்ணெய், நான்காவதில் ரேஷன் கடையில் கொடுக்கும் பாமாயில் இவற்றை 50 மில்லி வீதம் ஊற்றுவோம். ஐந்தாவதில் முக்கால் பங்கு தேங்காய் எண்ணெயும் கால் பங்கு பாமாயிலும் கலந்து வைப்போம். இதுதான் நாமே தயாரித்த கலப்படச் சரக்கு. ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டிவிட வேண்டும். அடையாளம் மாறிப் போனால் பாடம் முழுவதும் கெட்டுவிடும். கலந்த குப்பியைச் சோதனை முடிந்ததும் விளக்குக்கு ஊற்றிவிட வேண்டும். கடை அலமாரிப் பக்கம் அது போகவே கூடாது.

ஐந்தையும் பிரிட்ஜின் கீழ்த்தட்டில், அதாவது காய்கறி வைக்கும் இடத்துக்கு மேலே, அரை மணி நேரம் வைக்க வேண்டும். பிரீசரில் வைக்கக் கூடாது. கீழ்த்தட்டில் ஏறக்குறைய 4 டிகிரி இருக்கும். பிரீசரில் மைனஸ் 18 வரை போகும். அந்தக் குளிரில் எல்லா எண்ணெயும் இறுகிப் போகும், வித்தியாசம் தெரியாது.

அரை மணி கழித்து எடுத்துப் பார்த்தால் தேங்காய் எண்ணெய் வெள்ளை வெளேரென்று கட்டியாக நிற்கும். குப்பி வெப்பமாக இருந்திருந்தால் இன்னும் கால் மணி கூடுதலாகப் பிடிக்கலாம். கடலை எண்ணெய் தண்ணீராகவே இருக்கும். ராத்திரி முழுக்க வைத்தால் கொஞ்சம் மங்கலாகிக் கெட்டிப்படும். நல்லெண்ணெய் அதற்கும் அசையாது. பாமாயில் அரை மணியில் கலங்க ஆரம்பிக்கும். நாமே கலந்து வைத்த ஐந்தாவது குப்பியில் பெரும்பகுதி உறைந்திருந்தாலும், கட்டி இளக்கமாக, இடையிடையே எண்ணெய் கசிவது போல் இருப்பதைக் காணலாம். பாமாயிலுக்குப் பதில் கடலை எண்ணெய் கலந்திருந்தால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும்.

இது நாம் கண்டுபிடித்த சோதனை அல்ல. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், வீட்டிலேயே கலப்படம் பார்க்கும் வழிகளைத் திரட்டி வெளியிட்ட கையேட்டில் தேங்காய் எண்ணெய்க்குச் சொல்லியிருப்பது இதுதான்: கண்ணாடிக் குவளையில் ஊற்றி அரை மணி பிரிட்ஜில் வை, பிரீசரில் வைக்காதே, சுத்தமான எண்ணெய் உறையும், வேறு எண்ணெய் கலந்திருந்தால் அது தனி அடுக்காக நிற்கும். வாடிக்கையாளர் கேட்டால் அரசாங்கமே சொன்ன முறை என்று தைரியமாகச் செய்து காட்டலாம்.

ஆனால் இதோடு நிறுத்திக் கொண்டால் அரைப் பாடம்தான் படித்தவர்கள் ஆவோம்.

ஏன் ஒன்று உறைகிறது, மற்றொன்று உறைவதில்லை?

எண்ணெய் எதுவானாலும் அது கொழுப்பு அமிலங்கள் என்னும் நீண்ட சங்கிலிகளால் ஆனது. தேங்காய் எண்ணெயில் இந்தச் சங்கிலிகளில் நூற்றுக்கு 90 நேரானவை. பூரிதக் கொழுப்பு என்று பாடப் புத்தகத்தில் சொல்வது இவற்றைத்தான். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் பெரும்பகுதி நடுவில் முறுக்கி வளைந்தவை. விறகுக் கடைக்காரரைக் கேட்டால் விளக்கம் தேவையில்லை. சவுக்குக் கட்டைகளை அடுக்கினால் இடைவெளியில்லாமல் அடுங்கும். கருவேல முள் விறகை எத்தனை முறை அடுக்கினாலும் சந்து விட்டுக் கொண்டுதான் நிற்கும். நேரான சங்கிலிகள் குளிர் பட்டதும் ஒன்றோடொன்று அணைந்து கட்டியாகிவிடுகின்றன. வளைந்தவற்றை அணைக்க அதிகக் குளிர் வேண்டும்.

அப்படியானால் தேங்காய் எண்ணெய் வனஸ்பதி மாதிரி எப்போதும் கட்டியாக அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. தேங்காய் எண்ணெயின் சங்கிலிகள் நேரானவை என்றாலும் குட்டையானவை. அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் சங்கிலியில் கரி அணுக்கள் 12தான். குட்டைக் கட்டைகளை அடுக்குவதும் எளிது, சரிப்பதும் எளிது. ஆகவே அது 24, 25 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேலே சூடு இருப்பதால் தண்ணீராகக் காண்கிறோம். குளிர்காலத்து டில்லிக்காரருக்குத் தேங்காய் எண்ணெய் என்பதே கரண்டியால் தோண்டி எடுக்க வேண்டிய பண்டம். அதனால்தான் அங்கே வாயகன்ற டப்பாக்களில் அடைத்து விற்கிறார்கள்.

இங்கேதான் நம் வட்டாரத்தின் சங்கடம் வருகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் சாரல் காற்று குற்றாலத்திலும் தென்காசியிலும் காலை வேளையில் வெப்பத்தை இந்த 24 டிகிரியை ஒட்டியே கொண்டு வந்து நிறுத்திவிடுகிறது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, விளிம்பிலே நிற்கிறது. சங்கரன்கோவில் கடையில் அதே கம்பெனி, அதே தேதி போட்ட எண்ணெய் தண்ணீராக இருக்கும்போது குற்றாலத்துக் கடையில் கட்டியாக இருப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

ஒரே அலமாரியில் ஒன்று உறைந்து, ஒன்று உறையாமல்

சரி, ஊருக்கு ஊர் வித்தியாசம் புரிகிறது. ஒரே பெட்டியில் வந்து ஒரே தட்டில் நிற்கும் இரண்டு பாட்டில்களில் ஒன்று மட்டும் ஏன் உறைகிறது? வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வலுப்பது இதில்தான். இதற்கும் சோதனை உண்டு.

திரவங்கள் உறையும் சூட்டை எட்டியவுடனே உறைந்துவிடுவதில்லை. உறைவதற்கு ஒரு கரு வேண்டும். மோர் தெளித்தால்தான் பால் தயிராவது போல. கரு கிடைக்காத எண்ணெய், உறையும் சூட்டுக்குக் கீழே போன பிறகும் சில மணி நேரம் தண்ணீராகவே காத்திருக்கும். ஏற்கெனவே ஒரு தடவை உறைந்து, முழுக்க உருகாமல் அடியில் துகள் தங்கிய பாட்டில் அடுத்த தடவை சீக்கிரமாக உறைந்துவிடும். வெயிலில் வைத்து நன்றாக உருக்கிய பாட்டில் தாமதிக்கும்.

இதைப் பார்க்க, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, ஐஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு 20, 21 டிகிரிக்குக் கொண்டு வந்து நிறுத்துங்கள். ஒரே டின்னிலிருந்து எடுத்து நன்கு உருக்கிய தேங்காய் எண்ணெயை இரண்டு சிறு குப்பிகளில் ஊற்றி அதில் வைத்து, ஆறிய பிறகு, ஒன்றில் மட்டும் உறைந்த தேங்காய் எண்ணெயைக் கடுகளவு கிள்ளிப் போடுங்கள். தண்ணீரின் சூடு ஏறினால் இன்னும் ஒரு துண்டு ஐஸ். கிள்ளிப் போட்ட குப்பி முந்திக் கொண்டு வெளுக்கத் தொடங்கும். மற்றது தெளிவாக நிற்கும். இரண்டும் ஒரே எண்ணெய். கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் இதைச் செய்து காட்டிவிட்டால் அந்தத் தெருவில் பிறகு யாரும் இதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள்.

உறைந்த எண்ணெயின் நடுவில் குழி விழுந்திருக்கும். 'அளவு குறைவு' என்ற புகாருக்கு இந்தக் குழிதான் காரணம். எண்ணெய் உறையும்போது சுருங்குகிறது. பாட்டிலை உறைவதற்கு முன்பும் பின்பும் எலெக்ட்ரானிக் தராசில் வைத்துக் காட்டுங்கள். ஒரு கிராம் மாறாது. இடம்தான் குறைந்தது, சரக்கு குறையவில்லை. எண்ணெயை லிட்டர் கணக்கில் மட்டும் பேசாமல் எடைக் கணக்கிலும் பேச வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேறு வேண்டாம்.

சூட்டிலும் இதே விவகாரம் உண்டு. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில் ஓர் அறிவுரை வெளியிட்டது. சில எண்ணெய்க் கம்பெனிகள் பாக்கெட்டில் '60 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர்' என்பது போல் அச்சிட்டு வந்தன. சூட்டில் எண்ணெய் விரிவதால் அந்த லிட்டருக்கு எடை குறைவு. ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் சுமார் 919 கிராம் நிற்கும், 60 டிகிரியில் சுமார் 893தான் நிற்கும். இனிமேல் வெப்பநிலையைப் போடாமல் அளவைக் குறிப்பிட்டு, கூடவே எடையையும் போட வேண்டும் என்று கூறி, லேபிள்களைத் திருத்த 2023 ஜனவரி 15 வரை தவணை கொடுத்தார்கள். 26 கிராம் என்பது சின்ன விஷயம் அல்ல. ஒரு லாரிச் சரக்குக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மொத்த வியாபாரிகளுக்கு அதன் அருமை தெரியும்.

இந்தச் சோதனையை ஏமாற்ற முடியுமா?

முடியும். இதை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும்.

பனையின் பழச் சதையிலிருந்து வருவது பாமாயில். அதே பழத்தின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பிலிருந்து வருவது பாம் கெர்னல் எண்ணெய். இது வேறு ஜாதி. இதிலும் லாரிக் அமிலம் பாதியளவு இருப்பதால் தேங்காய் எண்ணெய் மாதிரியே வெளுத்து உறையும். பிரிட்ஜ் சோதனையில் இது தப்பிவிடும். பாமாயிலைக்கூட ராத்திரி முழுக்க 4 டிகிரியில் வைத்தால் பாதிக்கு மேல் கட்டியாகிவிடும். ஆகவேதான் அரை மணி நேரக் கணக்கு முக்கியம். அதைவிட நல்லது மேலே சொன்ன தண்ணீர்த் தொட்டி முறை. 18, 20 டிகிரியில் வைத்தால் சுத்தத் தேங்காய் எண்ணெய் சில மணி நேரத்தில் இறுகிவிடும், நல்ல பாமாயில் உறையாமல் நிற்கும், கலந்த சரக்கு இரண்டுங்கெட்டானாகக் கொழகொழவென்று இருக்கும். பத்துக்கு ஒரு பங்கு மட்டும் கலந்திருந்தால் இந்த முறையிலும் கண்டுபிடிப்பது சிரமம்.

சந்தேகம் பெரிதானால் ஆய்வுக் கூடம்தான் கதி. அங்கே உறைவதையா பார்க்கிறார்கள்? இல்லை, அயோடின் மதிப்பு என்று ஒன்றைப் பார்க்கிறார்கள். வளைந்த சங்கிலிகள் எவ்வளவு இருக்கின்றனவோ அவ்வளவு அயோடினை எண்ணெய் இழுத்துக் கொள்ளும். தேங்காய் எண்ணெய்க்குச் சட்டப்படி இது 7.5 முதல் 10க்குள் நிற்க வேண்டும். கடலை எண்ணெய்க்கு 85 முதல் 99. ஆகவே சிறிதளவு கலந்தாலும் எண் தாவிவிடும். பாம் கெர்னலைப் பிடிக்க பொலன்ஸ்கே மதிப்பும் உதவுகிறது. அசல் தேங்காய் எண்ணெய்க்கு அது 13க்குக் குறையக் கூடாது. நம் பகுதிக்கு அருகில் பாளையங்கோட்டையில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, பொருள் வாங்கியவரும் கட்டணம் செலுத்திப் பரிசோதனை செய்து கொள்ள இடம் உண்டு. கடைக்காரரும் மொத்த வியாபாரியிடம் வாங்கும்போது வாங்குகிறவர்தானே!

அதே சட்டத்தின் 26ஆம் பிரிவை நம் உறுப்பினர்கள் மனப்பாடம் செய்து வைக்கலாம். உற்பத்தியாளரோ மொத்த வியாபாரியோ விற்கும்போது சரக்கின் தரத்துக்கு எழுத்து மூலம் உத்தரவாதம் கொடுத்தாக வேண்டும். கொடுக்கும் பில்லே உத்தரவாதமாகக் கருதப்படும் என்று அதில் இருக்கிறது. பில் இல்லாமல் இரண்டு ரூபாய் மலிவு என்று டின் இறக்குகிறவர், மாதிரி எடுத்த நாளில் தாமே உற்பத்தியாளர் போல் கூண்டில் நிற்க நேரும். சில்லறையாக அளந்து ஊற்றுகிறவர்கள், பாக்கெட்டும் லேபிளும் இல்லாத சமையல் எண்ணெய் விற்பனைக்கு 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் தடை இருப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தண்ணீரின் கதை வேறு

எண்ணெய்க் கடைக்காரர்களுக்கே இவ்வளவு எழுதிவிட்டால் கூல் டிரிங்ஸ், ஐஸ்கிரீம், பால் வியாபாரிகள் கோபித்துக் கொள்வார்கள். பிரிட்ஜைத் திறந்தது திறந்தோம், அவர்களுக்கும் பார்த்துவிடுவோம்.

எண்ணெய் உறைந்தால் சுருங்கும் என்று கண்டோம். தண்ணீர் நேர்மாறு, உறைந்தால் நூற்றுக்கு 9 பங்கு விரியும். 300 மில்லி தண்ணீர் ஏறக்குறைய 327 மில்லி ஐஸாகும். கழுத்து வரை நிரப்பிய கண்ணாடி பாட்டிலை அவசரத்துக்குப் பிரீசரில் போட்டு மறந்துவிட்டால் அந்த 27 மில்லி எங்கே போகும்? பாட்டிலைப் பிளந்து கொண்டுதான் போகும். சோடாவும் கலரும் இன்னும் மோசம். உறையும் ஐஸ் உள்ளே கரைந்திருக்கும் வாயுவையும் வெளியே தள்ளிவிடும். சீசன் நெரிசலில், பிள்ளைகள் கையில் வெடிக்கிற பாட்டில் விளையாட்டு அல்ல. கண்ணாடி பாட்டில்களைப் பிரீசரில் வைப்பதை விட்டுவிட்டு, ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் முக்கி வைப்பதே முறை.

தொட்டிக்கு எவ்வளவு ஐஸ் வேண்டும்? ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு மட்டும் 80 கிலோ காலரி வெப்பத்தை உறிஞ்சும்; உருகிய தண்ணீர் 10 டிகிரிக்கு ஏற இன்னும் 10. மொத்தம் 90. ஒரு லிட்டர் பானத்தை 30 டிகிரியிலிருந்து 10க்கு இறக்க 20 வேண்டும். ஆகவே கணக்குப்படி ஒரு கிலோ ஐஸ் நாலரை லிட்டரைக் குளிர வைக்கும். நடைமுறையில் கண்ணாடியும் தொட்டியும் வெளிக் காற்றும் பங்கு கேட்பதால் இரண்டு பங்கு ஐஸ் வைத்துக் கொள்வது உத்தமம். தொட்டியில் தண்ணீர் இல்லாமல் வெறும் ஐஸ் கட்டிகளின் மேல் பாட்டில்களைப் படுக்க வைப்பவர்கள் ஐஸை வீணாக்குகிறார்கள். தொடுகிற இடத்தில் மட்டும்தான் குளிர் ஏறும்.

இனி நான்கு பிளாஸ்டிக் டம்ளர்களை எடுத்து ஒன்றில் தண்ணீர், ஒன்றில் லிட்டருக்கு 100 கிராம் வீதம் சர்க்கரை கரைத்த தண்ணீர், ஒன்றில் அதே 100 கிராம் வீதம் உப்பு, கடைசியில் லிட்டருக்கு 300 கிராம் உப்பு கரைத்த தண்ணீர் முக்கால் டம்ளர் வரை ஊற்றிப் பிரீசரில் வையுங்கள். தண்ணீர் 0 டிகிரியில் உறையும். சர்க்கரைத் தண்ணீர் மைனஸ் அரை டிகிரியில் தொடங்கும். உப்புத் தண்ணீர் மைனஸ் 6 வரை இறங்கினால்தான் தொடங்கும். கடைசி டம்ளர், வீட்டுப் பிரீசரில் விடிய விடிய வைத்தாலும் உறையாது. அதற்கு மைனஸ் 21 வேண்டும். ஒரே எடைதானே, சர்க்கரையைவிட உப்புக்கு இவ்வளவு பலம் ஏன்? தண்ணீரில் மிதக்கும் துணுக்குகளின் எண்ணிக்கைதான் கணக்கு, எடை அல்ல. உப்பின் மூலக்கூறு சிறியது. அதோடு கரைந்ததும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஆகவே ஒரே எடையில் பத்து மடங்குக்கு மேல் துணுக்குகள்.

இந்த ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரில்தான் ஐஸ் தொழிலே நடக்கிறது. ஐஸ் பேக்டரியில் தண்ணீர் நிரப்பிய தகரப் பெட்டிகளைக் கடும் குளிரூட்டிய உப்பு நீர்த் தொட்டியில் இறக்கி வைத்துக் கட்டியாக்குகிறார்கள். தொட்டி நீர் உறைவதில்லை, பெட்டி நீர் உறைகிறது. கை வண்டியில் குல்பி விற்பவர் பானைக்குள் ஐஸும் கல்லுப்பும் போட்டுக் குலுக்குவதும் இதே தந்திரம். ஐஸோடு மூன்றில் ஒரு பங்கு உப்பு சேர்த்தால் மைனஸ் 18 வாக்கில் இறங்கும். உப்பு கிடைத்தாலும் வெடியுப்பைக் கரைத்துத் தண்ணீரைக் குளிர வைத்த வழக்கமும் இந்த நாட்டில் இருந்தது. அக்பர் அரண்மனையில் அப்படிச் செய்ததை அபுல் பசல் தமது ஆயினி அக்பரியில் எழுதி வைத்திருக்கிறார். சிவகாசிக்காரர்களுக்குத் தெரிந்த அதே வெடியுப்புத்தான்.

பால் வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. பாலில் இயற்கையாகவே சர்க்கரையும் உப்புகளும் கரைந்திருப்பதால் அது 0 டிகிரியில் உறையாது, மைனஸ் 0.54 அளவில் உறையும். தண்ணீர் சேர்த்தால் இந்த எண் 0 பக்கம் நகரும். பத்துக்கு ஒரு பங்கு தண்ணீர் என்றால் மைனஸ் 0.49 ஆகும். கிரையோஸ்கோப் என்ற கருவி வைத்திருக்கும் பால் பண்ணைகள் தண்ணீர்க் கலப்பைப் பிடிப்பது இப்படித்தான். லாக்டோமீட்டரைச் சர்க்கரை போட்டு ஏமாற்றலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அளவு தப்பினால் இந்தக் கருவி அதையும் காட்டிக் கொடுத்துவிடும்.

ஐஸ் வாங்குபவர்கள் கட்டியைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். விளிம்பெல்லாம் கண்ணாடி போல் தெளிந்தும் நடுத்தண்டு மட்டும் வெளுத்தும் இருக்கும். தண்ணீர் வெளிப்புறமிருந்து உறைந்து வரும்போது தன்னிடமுள்ள காற்றையும் உப்பையும் அழுக்கையும் நடுவை நோக்கித் தள்ளுகிறது. கடைசியில் உறையும் நடுப்பகுதியில் அவை அகப்பட்டுக் கொள்கின்றன. வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு மை விட்டு உறைய வைத்துப் பார்த்தால் நிறம் நடுவில் ஒதுங்குவதைக் காணலாம். மீனுக்குப் போடும் ஐஸைச் சர்பத்தில் தட்டிப் போடக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் பிரசங்கம் வேண்டாம். மகாராஷ்டிரத்தில் 2018இல், சாப்பிட உதவாத ஐஸுக்கு நீல நிறம் ஏற்ற வேண்டும் என்றே உத்தரவு போட்டார்கள்.

ஐஸ் ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான சரக்கு என்றால் இளைய உறுப்பினர்கள் நம்ப மாட்டார்கள். பாஸ்டன் நகரத்து வியாபாரி பிரெடரிக் டியூடர், அங்கே குளங்களில் குளிர்காலத்தில் உறைந்த ஐஸை வெட்டி, மரத்தூள் பொதிந்து கப்பலில் ஏற்றி 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதக் கடல் பயணத்தில் ஒரு பகுதி உருகிப் போயும் லாபம் கண்டார். சென்னையில் அதைச் சேமித்து வைக்க 1842ஆம் ஆண்டு வாக்கில் கட்டியதுதான் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ். உள்ளூரிலேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. 1897இல் விவேகானந்தர் தங்கியிருந்த அந்தக் கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கிறது. உருகுகிற சரக்கை மரத்தூளை நம்பிப் பூமியின் மறுபக்கத்துக்கு அனுப்பியவனின் துணிச்சலை என்னவென்று சொல்வது! நம் ஐஸ் வண்டிகளில் உமியும் மரத்தூளும் சாக்கும் போட்டு மூடுவது அதே வித்தைதான்.

மறுபடியும் எண்ணெய்க் கடைக்கு ஓர் உபதேசம் பாக்கி. உறைந்த பாட்டிலை அடுப்பில் காட்டக் கூடாது. பிளாஸ்டிக் இளகும், எண்ணெயும் கருகும். வெந்நீர் என்று கொதிக்கக் கொதிக்க ஊற்றவும் வேண்டாம். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து அதில் பத்து நிமிடம் நிறுத்தினால் போதும். வெயிலில் வைப்பதானால் உருகியதும் எடுத்துவிட வேண்டும். நாள் முழுக்க வெயிலில் நின்றால் காறல் வாடை வரும். உறைந்து உருகுவதால் எண்ணெயின் தரம் குறைவதில்லை. எத்தனை முறை உறைந்தாலும் அதே எண்ணெய்தான்.

டின்னாக வாங்கும் சிப்ஸ் கடைக்காரர்களுக்கு இன்னொன்று. பாதி உறைந்த டின்னிலிருந்து மேலே நிற்கும் எண்ணெயை மட்டும் சாய்த்து ஊற்றினால் முதலில் வருவது எளிதில் உறையாத பகுதி. அடியில் தங்குவது சீக்கிரம் உறையும் பகுதி. அந்த டின்னின் மேல் எண்ணெயையும் அடி எண்ணெயையும் தனித்தனியே பிரிட்ஜில் வைத்தால் இரண்டும் இரண்டு மாதிரி நடந்து கொள்ளும். மொத்த வியாபாரியோடு வீண் சச்சரவு வரும். முழு டின்னையும் உருக்கி, நன்றாகக் கலக்கிய பிறகே ஊற்றவும் வேண்டும், சோதனைக்கு எடுக்கவும் வேண்டும். டின் வந்து இறங்கிய அன்றே இப்படி 50 மில்லி எடுத்துச் சுத்தமான குப்பியில் அடைத்து, பில் எண்ணும் தேதியும் எழுதி, வெளிச்சம் படாத இடத்தில் அந்தச் சரக்கு விற்றுத் தீரும் வரை வைத்திருங்கள்.